சுபாஷினியின் இடது கண்

ஜிந்துப்பிட்டிச் சுபாஷினி பெரிய குத்துச்சண்டைக்காரி அல்ல. அமெச்சூராக இருந்த காலத்திலும் அல்ல, தொழில்முறைக்குப் போன பிறகும் அல்ல. கை நீளம், கால் மெதுவு. அவளிடம் தோற்றவர்கள் அன்றைக்குத் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அதில் பாதி உண்மையாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவளுடைய கதையில் வெற்றிகளை விட யோசிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அது அவளுடைய இடது கண்ணைப் பற்றியது.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருந்தது. பிறெடி என்பவர் அங்கே பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்கினார். ஒரு வருடம் போட்டி நடத்துபவர்கள், பெண்கள் பிரிவுக்கும் ஆள் அனுப்பும் கழகங்களுக்குத்தான் முழுப் புள்ளி என்று அறிவித்தார்கள். பிறெடியிடம் பெண்கள் யாரும் இல்லை. பக்கத்துப் பாடசாலையில் வலைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்களில் கை நீளமானவளைப் பார்த்து, தங்கச்சி என்பதற்கான சிங்களச் சொல்லால் மதிலுக்கு மேலாகக் கூப்பிட்டார்.

"நங்கி, உனக்கு ஆரையாவது அடிக்க ஆசை இருக்கா?"

"நிறையப் பேரை," என்றாள் சுபாஷினி.

"ஒருத்தி போதும். சனிக்கிழமை வா."

அந்த முதற் போட்டியில் எதிராளி வரவேயில்லை. நடுவர் சுபாஷினியின் கையைப் பிடித்து உயர்த்தினார். முன்னால் யாரும் இல்லாத மேடையில், வியர்க்காத முகத்தோடு, கையை உயர்த்திக்கொண்டு அவள் நின்றாள். பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். வீட்டில் அம்மா ஆறாயி அந்தப் பதக்கத்தைச் சாமித் தட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். விளக்கு ஏற்றும்போதெல்லாம் அது மினுங்கியது. சுபாஷினி அந்தப் பக்கம் பார்க்காமல் கும்பிடப் பழகினாள். அடுத்த வாரமும் அவள் மண்டபத்துக்குப் போனதற்குக் காரணம் அந்தப் பதக்கம்தான். செய்யாத வேலைக்கு வாங்கிய கூலி போல அது அவளை உறுத்தியது.

பிறகு உண்மையாகவே அடித்தாள், அடி வாங்கினாள். தேசிய மட்டப் போட்டிகளில் இராணுவத்துப் பெண்கள்தான் பலசாலிகள். காலை முழுவதும் பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, அதற்கே சம்பளம் என்று இருப்பவர்களோடு, புடவைக் கடையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வரும் ஒருத்தி மோதுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கட்டத்தில் அவள் தடுமாறுவாள்.

அமெச்சூர் சண்டையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பலமான அடி பட்டவள் கீழே விழாவிட்டாலும், தடுமாறுவதைக் கண்டால் நடுவர் இடையில் புகுந்து எட்டு வரை எண்ணுவார். அதுவரை எதிராளி தொடக்கூடாது. அடிபட்டவள் ஓரடி பின்னுக்கு வந்து, கைகளைத் தாழ்த்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவரின் முகத்தைப் பார்த்து நிற்பாள். கண் தெளிவாக இருந்தால் சண்டை தொடரும். சுபாஷினிக்கு இந்த எண்ணிக்கை பழகிப்போனது. அதை எதிர்பார்த்தே அடி வாங்கினாள் என்று சொன்னாலும் பெரிய தவறில்லை. தலையில் தடித்த கவசமும் இருக்கும். அதனால் எத்தனை தோல்விகள் வந்தபோதும் முகத்தில் ஒரு காயமும் தெரிந்ததில்லை.

ஒரு வருடம் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்த எடைப் பிரிவில் ஆட்கள் குறைவு, ஒரு சண்டையில் வென்றாலே வெண்கலம். ஆனால் பத்திரிகையில் படம் வந்தது. வெள்ளவத்தையில், காலிக்குப் போகும் பிரதான வீதியில் புடவைக் கடை வைத்திருந்த கதிர்காமநாதன், அவளுடைய முதலாளி, அந்தப் படத்தை வெட்டிக் காசாளர் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். கல்யாணப் புடவை எடுக்க வரும் குடும்பங்களுக்குக் காட்டுவார்.

"எங்கட கடைப் பிள்ளை. இலங்கையில மூண்டாவது. பேரம் பேசுறதெண்டால் பாத்துப் பேசுங்கோ."

எல்லாரும் சிரிப்பார்கள். சுபாஷினியும் புடவை மடிப்புகளைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள்.

அவளைக் கல்யாணம் செய்த ஜெயகுமார் முச்சக்கர வண்டி ஓட்டுபவன். பொக்ஸிங் மண்டபத்துக்கு ஒரு நாள் பயணி ஒருவரை ஏற்றி வந்தவன், காத்திருந்த நேரத்தில் உள்ளே எட்டிப் பார்த்தான். சுபாஷினி அடி வாங்கிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டான். கல்யாணத்துக்குப் பிறகும் அவளுடைய ஒரு சண்டையைக்கூட அவன் முழுவதாகப் பார்த்ததில்லை. வெளியே வண்டியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே சத்தம் எழும்போதெல்லாம் வானொலியைக் கூட்டி வைப்பான். காலையில் அவளை வெள்ளவத்தையில் இறக்கிவிட்டு, கடைக்கு எதிரே உள்ள வண்டித் தரிப்பிடத்தில் பகல் முழுவதும் ஓடி, மாலையில் திரும்ப ஏற்றிக்கொண்டு போவான்.

இராணுவத்துக்கு இன்னும் இளைய பெண்கள் வந்தார்கள். சுபாஷினி முதல் சுற்றிலேயே வெளியேறத் தொடங்கினாள். பிறெடி சொன்னார்:

"நங்கி, இங்க உனக்கு இனி ஒண்டும் இல்ல. பாங்கொக்கில ஆள் கேக்கினம், உன்ட எடைக்கு. தொழில்முறைக்குப் போவமா?"

"என்னையா கேக்குறாங்க?"

"உன்னைப் போல ஒரு ஆளை."

அந்த வித்தியாசம் அப்போது அவளுக்குப் புரியவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் உள்ளூர் வீராங்கனையின் வெற்றிக் கணக்கை வளர்ப்பதற்கு, வெளியூரிலிருந்து ஒருத்தியை அழைப்பார்கள். ஓரளவு அடிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும், அதற்கு மேல் தெரிந்தவளாக இருக்கக்கூடாது. உள்ளூர்க்காரிக்குச் சிவப்பு மூலை, அழைத்துவரப்பட்டவளுக்கு நீல மூலை. யாரும் அவளைத் தோற்கச் சொல்ல மாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை.

கடையில் அவள் இதைச் சொல்லவில்லை. ஒரு முறை தொலைக்காட்சியில் தொழில்முறைச் சண்டை ஒன்று ஓடியபோது கதிர்காமநாதன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. "நாட்டுக்காக அடிபட்டால் அது விளையாட்டு. கூலிக்கு அடிபட்டால் அது சண்டித்தனம்." வென்றுவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தாள். அட்டனில் கணவனுடைய சொந்தத்தில் ஒரு சடங்கு என்று லீவு கேட்டாள், அம்மாவிடமும் அதையே சொன்னாள். ஜெயகுமாரை விமான நிலையத்தோடு நிறுத்தினாள்; அவள் திரும்பும் வரை அவன் தரிப்பிடத்துக்கும் வீட்டுக்கும் போகவில்லை. பிறெடியுடன் போனாள்.

அங்கே எதிராளிக்குப் பாட்டு, புகை, வண்ண விளக்கு. சுபாஷினியின் பெயரை அறிவிப்பாளர் உடைத்து உடைத்து வாசித்தார். தலைக்கவசம் இல்லாமல் காற்று நேராக நெற்றியில் பட்டது. முதல் சுற்று மோசமில்லை. இரண்டாம் சுற்றில் எதிராளியின் வலது கை அவளுடைய இடது கண்ணில் வந்து இறங்கியது.

அவள் விழவில்லை. பழகிய உடம்பு பழகியதைச் செய்தது. ஓரடி பின்னுக்கு வந்தாள், இரண்டு கைகளையும் தாழ்த்தினாள், நடுவரின் பக்கம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

நடுவரும் அவளைப் பார்த்தார். அங்கே அந்த எண்ணிக்கை கிடையாது. விழுந்தால்தான் எண்ணுவார்கள். பிறெடி அதைப் புறப்படுவதற்கு முன் சொல்லியிருந்தார், அவளும் தலையாட்டியிருந்தாள். கைகளைத் தொங்கவிட்டபடி அவள் காத்து நின்ற அந்த நேரத்தில் இன்னொரு அடி வந்தது. அதன் பிறகு எண்ணினார்கள், அவளுக்குக் கேட்கவில்லை.

யாரோ அந்த இடத்தை மட்டும் வெட்டி, வேகத்தைக் குறைத்து, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்து இணையத்தில் போட்டிருந்தார்கள். அவள் கொழும்புக்கு வந்து சேரும் முன்பே அது கொட்டாஞ்சேனை மண்டபத்துப் பையன்களின் போன்களுக்கு வந்துவிட்டது. பிறெடி அவர்களை அதட்டி, அதை மண்டபத்துக்கு வெளியே போகவிடாமல் நிறுத்தினார். தோற்றது அவளுக்குப் புதிதல்ல. அடிக்கிறவளுக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு, யாராவது நிறுத்துவார்கள் என்று நின்ற தன் முகம்தான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. மற்றவர்கள் சிரித்தது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

விமான நிலையத்தில் ஜெயகுமார் காத்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

"புறக்கோட்டையில வாங்குனேன். லேடீஸ் மாடல்னு சொன்னான்."

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா சுபா. நான் எதையுமே பாக்கக்கூட இல்லையே."

கடைக்குள் கறுப்புக் கண்ணாடி நிற்கவில்லை. பட்டுப் புடவைப் பகுதிக்குப் பொறுப்பான மெற்றில்டா, கொட்டாஞ்சேனைக்காரி, வந்ததும் வராததுமாக அதைக் கழற்றினாள். புருவத்தில் தையல். கண்ணைச் சுற்றி ஊதா நிறம்.

"மாதாவே! என்னடி இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா."

மெற்றில்டா தையலை உற்றுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்கட பாத்ரூமுக்குக் கை முளைச்சிருக்குப் போல."

துணி அளந்துகொண்டிருந்த ஷிம்னா, கடையிலேயே இளையவள், கிட்ட வந்து பார்த்தாள். "இது ஆள் அடிச்சதுதான். திருப்பி ஒண்டு குடுக்கல்லயா அக்கா? ஒங்களுக்குத்தான் தெரியுமே!"

"வீட்டில அடிக்கிறவனுக்கு முன்னால பொக்ஸிங் எல்லாம் வராது பிள்ளை," என்றாள் மெற்றில்டா. "இவ்வளவு வருசம் பொக்ஸிங் அடிச்சவள், ஒருநாளாவது இப்பிடி ஒரு முகத்தோட வந்தவளா? புருசன்ட ஆக்களிட்ட அட்டனுக்குப் போனாள், கண் போச்சு."

அவளுடைய இத்தனை வருடக் காயமில்லாத முகமே ஜெயகுமாருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம். ஆனால் அவர் அடிக்கவில்லை என்றால், அப்போது யார் அடித்தது என்று கேட்பார்கள். சொன்னால், வென்றாயா என்பார்கள். இல்லை என்றால், காட்டு என்பார்கள். அந்தக் கேள்விகள் எல்லாம் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு வெட்கங்களில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று அவளுடையது. மற்றது அந்த இடத்தில் இல்லாத ஒருவனுடையது. இல்லாதவனின் சுமை நமக்குக் கனப்பதில்லை.

"விடுங்கக்கா," என்றாள்.

அது மறுப்பு அல்ல என்று எல்லாருக்கும் தெரியும்.

அன்று பகல் அவளை ஒரு வாடிக்கையாளருக்கும் முன்னால் நிற்க மெற்றில்டா விடவில்லை. சாமான் அறையில் உட்காரவைத்து, தன் சோற்றுப் பார்சலில் இருந்த முட்டையை அவளுடைய சோற்றில் வைத்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கதைத்தாள்.

"நானும் பாத்ரூமில விழுந்தனான்தான். எத்தனை தரம். அந்த மனுசன் சாகும் மட்டும் விழுந்தனான். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் உனக்கு விளங்கும்."

சுபாஷினி முட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முன்பு சொல்வது கடினமாக இருந்தது, இப்போது முடியாததாகிவிட்டது. ஒரு பெண் தன் வாழ்நாள் வெட்கத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள், அவளுடையதும் அதே வகை என்று நம்பி. முட்டையைச் சாப்பிட்டாள்.

மாலையில் மெற்றில்டா அவளோடு வீதியைக் கடந்து தரிப்பிடத்துக்கே வந்துவிட்டாள். அங்கே ஜெயகுமார் மற்ற ஓட்டுநர்களோடு நின்றான்.

"ஏய் வீரன்! கை நல்லா நீளுது போல? இலங்கையில மூண்டாவது ஆளுக்கே அடிச்சுப்போட்டாய், இனி உனக்குத்தான் பதக்கம் தரோணும்!"

ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயகுமார் சுபாஷினியைப் பார்த்தான். அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து, எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"இனிமே அப்பிடி நடக்காதுங்கக்கா," என்றான் அவன்.

வண்டி பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு அவள் கேட்டாள்.

"ஏங்க அப்பிடிச் சொன்னீங்க? இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"இல்லன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. நீதானே சொல்லாதேன்னு சொன்ன."

அவள் யோசித்த அதே வழியில் அவனும் யோசித்திருந்தான். ஒரு வித்தியாசம்தான். அந்த வழி முடிந்த இடத்தில் அவள் அவனை நிறுத்தியிருந்தாள். அவனும் அங்கே வந்து நின்றுகொண்டான்.

"கொஞ்ச நாள்தான்," என்றாள். "கண்ணு மாறிட்டா மறந்துருவாங்க."

"மறந்துருவாங்க," என்றான்.

கண் ஊதாவிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மாறியது. யாரும் மறக்கவில்லை. மெற்றில்டா கொட்டாஞ்சேனையில் சொன்னது ஜிந்துப்பிட்டிக்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. குழாயடியில் பெண்கள் ஜெயகுமாரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஆறாயி மருமகனுக்குத் தேநீரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். அவன் அந்தத் தேநீரையும் குடித்தான். சுபாஷினி இதையெல்லாம் பார்த்தாள். பார்த்துக்கொண்டு இன்னும் சில நாள் போகட்டும் என்று இருந்தாள். பழைய எண்ணிக்கைக்காகக் காத்திருந்தது போலத்தான் இதுவும் இருந்தது. யாராவது இடையில் வந்து நிறுத்துவார்கள் என்று.

ஒரு மாலை தரிப்பிடத்தில் அவனுடைய வண்டி இல்லை. போனில், கடற்கரையோர மரைன் டிரைவ் வீதிக்கு வா என்றான். ஒழுங்கை வழியாகக் கீழே நடந்து போனாள். ரயில் பாதைக்குப் பக்கத்தில், நிழல் என்று ஒன்றும் இல்லாத இடத்தில், மேற்கு வெயிலை முகத்தில் வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்தியிருந்தான். பத்திரிகையை நெற்றிக்குப் பிடித்திருந்தான்.

"ஏன் இங்க?"

"காத்து நல்லா வருது."

"அங்க ஏன் நிக்கல?"

"இங்கயும் ஹயர் கிடைக்குதுதானே."

"ஸ்ரான்லி அண்ணே ஏதாச்சும் சொன்னாரா?" தரிப்பிடத்துக்கு ஸ்ரான்லிதான் தலைவர். யார் எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

ஜெயகுமார் பத்திரிகையை மடித்தான். "லேடீஸ் யாரும் என் வண்டியில ஏற மாட்டேங்கிறாங்களாம். மத்தவங்களுக்கும் பேரு கெடுதாம். கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாச்சும் நில்லுன்னாரு. கோவமா சொல்லல, நல்லபடியாத்தான் சொன்னாரு." பிறகு சேர்த்தான்: "தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுற வீட்டுலயும் என்னயப் பத்தி விசாரிச்சாங்களாம். அது வேற கதை."

அது வேற கதை அல்ல. அவன் வண்டியைக் கிளப்பினான். பின் இருக்கையில் இருந்து அவள் பார்த்தாள். அவனுடைய பிடரி வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அது ஒரு நாள் வெயிலில் வந்ததல்ல.

மறுநாள் பகல், கடையின் மேல்மாடியில் எல்லாரும் பார்சலைப் பிரித்தபோது, சுபாஷினி தன் போனை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தாள். எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்திவிடுவோம் என்று பயந்திருக்கலாம். அந்தச் சிரிப்புச் சத்தம் சேர்த்த துண்டைத்தான் போட்டாள். அதுதான் அவளிடம் இருந்தது.

"ஆர் இது?" என்றாள் மெற்றில்டா, சம்பலைக் கலந்துகொண்டே.

"நான்தான்க்கா. நீலச் சட்டை."

கலந்த கை நின்றது. திரையில் வலது கை வந்தது. சுபாஷினி பின்னுக்கு வந்தாள், கைகளைத் தாழ்த்தினாள், மெதுவாக, மிகமெதுவாக நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். போனுக்குள் யாரோ சிரித்தார்கள். பிறகு அடுத்த அடி.

ஷிம்னாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லா, மன்னிச்சிக்கங்க அக்கா. ஏன் கையப் போட்டீங்க?"

"எண்ணுவாங்கன்னு நெனச்சேன். இங்க எண்ணுவாங்க. அடிபட்டா நிப்பாட்டி எண்ணுவாங்க. அங்க அது இல்ல. தெரியும், ஆனா ஞாபகம் வரல." குரல் உடையாமல் சொன்னாள். "அட்டனுக்குப் போகல. பாங்கொக்குக்குத்தான் போனேன். அவரு அடிக்கல. அவரு இதப் பாக்கக்கூட இல்ல."

கதிர்காமநாதன் மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோத்தாலும் காசு குடுப்பினமோ?"

"ஆமா சார்."

"வெண்டிருந்தால்?"

"அதேதான் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். பத்திரிகைப் படத்தை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அதற்குப் பிறகு யாருக்கும் காட்டவும் இல்லை.

மெற்றில்டா சாப்பிடவில்லை. பார்சலை மடித்துக் கட்டினாள். சுபாஷினியின் முகத்தை ஒரே ஒரு தரம் பார்த்தாள். சாமான் அறையில் தாழ்ந்த குரலில் சொன்னது இருவருக்கும் நினைவிருந்தது, மற்றவர்கள் இருந்ததால் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேச முடியாது. இதைத் துணிவு என்று யாராவது சுபாஷினியிடம் சொல்லியிருந்தால், அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் நம்பியிருக்க மாட்டாள். காலம் கடந்து சொல்லும் உண்மையும் ஒருவரைக் காயப்படுத்தத்தான் செய்கிறது.

கடை மூடியதும் மெற்றில்டா தனியாக வீதியைக் கடந்தாள். சுபாஷினி பின்னால் ஓடினாள். தரிப்பிடத்தில் ஸ்ரான்லி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்ரான்லி! அந்தப் பெடியன் அடிக்கேல்ல. நான் சொன்னது பிழை. இவள் பாங்கொக்குக்குப் போய் மேடையில அடி வாங்கிக்கொண்டு வந்தவள். தோத்துப்போனவள்! பொக்ஸிங்கில தோத்தவள்! அவனைக் கூப்பிட்டு அவன்ட இடத்தில விடு."

பஸ் தரிப்பில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. அதில் நியாயமும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டையும் மெற்றில்டா பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினாள்.

"உண்மையா நங்கி?" என்றார் ஸ்ரான்லி.

"உண்மைதாண்ணே."

"வீடியோ இருக்கா?"

இருக்கிறது என்றாள். ஜெயகுமார் மரைன் டிரைவிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து தன் பழைய இடத்தில் நிறுத்தியபோது, ஓட்டுநர்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். சிரிப்புக் கேட்டது. போனுக்குள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று தெரியவில்லை. ஒருவன் கைகளைத் தொங்கவிட்டு, திரும்பிப் பார்த்து நடித்துக் காட்டினான். "டேய், அவ புருசன் வந்துட்டான்," என்றான் இன்னொருவன். ஸ்ரான்லி வந்து, தம்பியைத் தட்டுவதுபோல் ஜெயகுமாரின் தோளில் தட்டினார். "மனசில வெச்சுக்காத மல்லி." சுபாஷினி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடி பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

"இத ஏன் காட்டுன?" என்றான் ஜெயகுமார் வண்டியை எடுத்துக்கொண்டே. "விழுந்துட்டேன்னே இருந்திருக்கலாம். நான் சமாளிச்சிருப்பேன்."

"உங்களால முடியும்," என்றாள். "அதான் காட்டுனேன்."

பேச்சு முழுவதும் அடங்கிவிடவில்லை. ஜிந்துப்பிட்டியில் சிலர், மனைவியைக் கூலிக்கு அடிவாங்க அனுப்புகிறவன் என்று இப்போது சொன்னார்கள். ஆறாயி தேநீரைக் கையில் கொடுத்தாள். தங்கையின் கல்யாணம் பேசியவர்கள் திரும்ப வரவில்லை. அதற்குக் காரணம் இதுதானா என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் முடியவில்லை. மெற்றில்டா புடவைகளைப் பற்றி மட்டும் பேசினாள். "அந்தக் காஞ்சிபுரத்தை எடு." "இதை மடி." அவ்வளவுதான்.

பிறெடி பாங்கொக்குக்கு மறுபடி கேட்டபோது சுபாஷினி முதலில் ஒன்றைக் கேட்டாள்.

"நீல மூலையா?"

"நங்கி, உனக்குச் சிவப்பு மூலை தர நான் ஆர்?" என்றார். இதுவரை அவர் சொன்னவற்றில் மிக நேர்மையானது அது.

போனாள். இந்த முறை கதிர்காமநாதனிடம் பாங்கொக் என்றே சொல்லி லீவு கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், வாழ்த்தவில்லை. மூன்றாம் சுற்றில் அதே கண்ணில் அடி பட்டது. கைகள் இறங்கவில்லை, முகம் திரும்பவில்லை. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கடைசிச் சுற்று வரை நின்று புள்ளிகளில் தோற்றாள். நடுவர் எதிராளியின் கையை உயர்த்தியபோது, தன்னுடைய முதல் பதக்கத்தை இப்போதுதான் சம்பாதித்ததுபோல் அவளுக்கு ஒரு கணம் தோன்றியதாம். மறு கணம் அது போய்விட்டது.

கடைக்கு வந்தபோது மெற்றில்டா வாசலில் நின்றாள். வீங்கிய கண்ணைப் பார்த்தாள்.

"வெண்டியா?"

"இல்லக்கா."

புடவையைப் பற்றியதல்லாத பேச்சு அவர்களுக்குள் நின்று நெடுநாளாகியிருந்தது. மெற்றில்டா இன்னும் கொஞ்சம் நின்றாள்.

"ஐஸ் வைச்சியா?"

"வெச்சேன்."

"வடிவா வை," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மாலை கொள்ளுப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. பக்கத்தில் ஒரு பஸ். ஜன்னலோரம் இருந்த பெண்ணொருத்தி, அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவள்போல, சுபாஷினியின் கண்ணைப் பார்த்தாள். பிறகு கைபிடியில் இருந்த ஜெயகுமாரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சுபாஷினிக்குத் தெரியும். கடையிலும் தெருவிலும் எல்லாருக்கும் சொல்லி முடித்தாயிற்று என்று நினைத்திருந்தாள். நகரம் அவர்களை விடப் பெரியது.

ஜெயகுமாரும் கவனித்தான். முன்னால் இருந்த விளக்கையே பார்த்துக்கொண்டு, அவன் தன் தோள்களைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டான். பழகியவன் செய்வதுபோல் செய்தான்.

சுபாஷினி வண்டியிலிருந்து தலையை வெளியே நீட்டினாள். முகம் சுட்டது.

"இவரு இல்லங்க," என்றாள் சத்தமாக. "நான் பொக்ஸிங் அடிக்கிறவ. தோத்துட்டு வாறேன்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்கியதாகத் தெரியவில்லை. சுபாஷினி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதையே மறுபடி சொன்னாள். தோற்றேன் என்பதற்கான சொல்லை மட்டும் தேட வேண்டியிருந்தது. கண்டுபிடித்துச் சொன்னாள். பஸ்ஸில் இன்னும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு மாறியது.

கொஞ்ச தூரம் போன பிறகு ஜெயகுமார் திரும்பாமலே கேட்டான்:

"எல்லாருக்கும் இப்பிடிச் சொல்லிக்கிட்டே வரப் போறியா?"

"கண்ணு மாறுற வரைக்கும்," என்றாள் அவள்.